பதினாலாம் நாள் எல்லோருக்கும் பொதுவல்ல

கேள்வி: எனக்கு வயது 31. கலியாணமாகி ஒன்பது மாதம். இவருக்குக் கொழும்பில் வேலை. இரண்டு கிழமைக்கு ஒருக்கால் வெள்ளி இரவு பஸ் எடுத்து வந்து, ஞாயிறு இரவு திரும்பிவிடுவார். போனில் ஒரு அப் போட்டு நாள் பார்க்கிறேன். அது 10 முதல் 15 வரை பச்சை நிறம் காட்டி, 14ஆம் நாளுக்கு நட்சத்திரம் போடுகிறது. அந்த நாட்களுக்கென்றே இவர் லீவு எடுத்தும் வந்தார். ஒன்றும் தங்கவில்லை. பச்சை நாட்களில், முட்டை வெளிவரும் நாளைச் சிறுநீரில் பார்க்கிற ஓவுலேஷன் கிட் செய்து பார்த்தேன். தினமும் இரண்டாவது கோடு மங்கலாகவே வருகிறது. அது ஆமா, இல்லையா? போன மாதம் நானாகப் போய் 21ஆம் நாள் இரத்தம் கொடுத்தேன். புரொஜெஸ்தரோன் என்ற ஓமோன் குறைவு, முட்டை வெளிவரவில்லை என்று சொல்லிவிட்டார்கள். இடையில் வெள்ளைபடுதலும் இருக்கிறது. அதுதான் பிள்ளை தங்கவிடாது என்று மாமி ஒரு மருந்து வாங்கித் தந்தார். எங்கே போனாலும் "ஏதும் விசேஷமோ?" என்று கேட்கிறார்கள். என்னில் குறையா? என் கடைசி ஆறு மாதவிடாய்ச் சுற்றுகள்: 33, 35, 32, 37, 34, 33 நாட்கள்.
— வலிகாமத்திலிருந்து ஒரு வாசகி

அன்பின் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் மிகவும் பெறுமதியானது கடைசியில் எழுதிய அந்த ஆறு எண்களும்தான். அவற்றை முதலிலேயே யாராவது கேட்டிருந்தால் இவ்வளவு அலைச்சல் வந்திருக்காது. 24 நாள் முதல் 38 நாள் வரையான சுற்றை வைத்தியர்கள் நாங்கள் வழமையானது என்றே கொள்கிறோம். உங்களுடையது 32க்கும் 37க்கும் இடையில் ஒழுங்காக நடக்கிறது. மாதாமாதம் இப்படி ஒழுங்காக வருகிற பெண்களில் பெரும்பாலானோருக்கு முட்டை வெளிவந்துகொண்டுதான் இருக்கும். இதுவரை நீங்கள் எழுதியதை வைத்து உங்களில் குறை என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. நாள்தான் பொருந்தவில்லை.

எப்படி என்று பார்ப்போம். மாதவிடாய் தொடங்கிய நாளை 1 என்று வைத்து முன்னோக்கி எண்ணி 14இல் நிற்பது 28 நாள் சுற்று உள்ளவருக்கு மட்டும் ஏறக்குறைய சரிவரும். முட்டை வெளிவந்ததற்கும் அடுத்த மாதவிடாய்க்கும் இடைப்பட்ட காலம்தான் ஒரு பெண்ணில் அதிகம் மாறாதது. அது 12 முதல் 16 நாள். முட்டை முதிர்வதற்கு எடுக்கும் முன்பாதிதான் ஆளுக்கு ஆள், மாதத்துக்கு மாதம் நீண்டு குறுகும். ஆகவே அடுத்த மாதவிடாயிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். ஜப்பானின் நீகாத்தா நகரத்தில் வேலை செய்த மகப்பேற்று வைத்தியர் ஒகினோ கியூசாகு 1924இலேயே இதை எழுதிவைத்துவிட்டார். நூறு வருடம் கழித்தும் எங்கள் போன்களில் 14க்கு நட்சத்திரம் விழுகிறது.

உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். 32 நாள் சுற்றில் முட்டை வெளிவருவது ஏறக்குறைய 18ஆம் நாள். 37 நாள் சுற்றில் 23ஆம் நாள். பழைய கலண்டர் முறைப்படி, மிகக் குறுகிய சுற்றிலிருந்து 18ஐயும் மிக நீண்டதிலிருந்து 11ஐயும் கழித்தால் 14ஆம் நாள் முதல் 26ஆம் நாள் வரை என்று வரும். அந்தப் பதின்மூன்று நாளும் கருத்தரிக்கும் நாட்கள் என்று அர்த்தம் இல்லை. அதற்குள் எங்கோ ஓரிடத்தில் உங்கள் உண்மையான நாட்கள் ஒளிந்திருக்கின்றன. அப் காட்டிய பச்சை நாட்கள் முடிகிற இடத்தில்தான் உங்களுடையவை தொடங்குகின்றன. அப் பிழையானது என்றும் சொல்ல மாட்டேன். சுற்றின் நீளத்தை நாங்கள் மாற்றிக் கொடுக்காவிட்டால் பல அப்கள் 28 என்றே எடுத்துக்கொள்ளும். மாற்றிக் கொடுத்தாலும் அது போன மாதங்களை வைத்துப் போடுகிற ஊகம்தான். இந்த மாதம் உங்கள் சூலகத்தில் என்ன நடக்கிறது என்று போனுக்குத் தெரியாது.

வெளிவந்த முட்டை 12 முதல் 24 மணித்தியாலம்தான் உயிரோடு இருக்கும். விந்தணு நல்ல ஈரப்பசையுள்ள நாட்களில் ஐந்து நாள் வரை தாக்குப்பிடிக்கும். அதனால் முட்டை வெளிவரும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாளுமாக ஆறு நாள்தான் கணக்கு. அமெரிக்காவின் வட கரோலினாவில் பிள்ளைக்கு முயற்சித்த 221 பெண்களைத் தினமும் சிறுநீர் எடுத்துவைக்கச் சொல்லிப் பார்த்து 1995இல் வெளியிட்ட ஆய்வில், கருத்தரிப்பு நடந்தது இந்த ஆறு நாட்களுக்குள் மட்டுமே. வாய்ப்பு மிகக் கூடியவை முட்டை வெளிவருவதற்கு முந்தைய இரண்டு நாட்கள். வெளிவந்த மறுநாளிலிருந்து பயனில்லை.

இனி உங்கள் வீட்டு நடப்புக்கு வருவோம். பதினாலு நாளுக்கு ஒருமுறை சனியும் ஞாயிறும் மட்டும் ஒருவர் வீட்டில் நின்றால், அந்த ஆறு நாட்களில் ஒன்றையாவது தொடுவதற்கு வாய்ப்பு ஏறக்குறைய பாதிக்குப் பாதி. மிக நல்ல நாட்களைத் தொடும் வாய்ப்பு மூன்றில் ஒன்றுக்கும் குறைவு. ஒன்பது மாதத்தில் உங்களுக்கு எட்டுச் சுற்று வந்திருக்கும். அவற்றில் நாலுதான் கணக்கில் சேரும். அப் சொன்னபடி லீவை முன்னுக்குத் தள்ளி எடுத்ததால் அதுவும் குறைந்திருக்கும். எல்லாம் சரியாக அமைந்த இளந்தம்பதியருக்கே ஒரு மாதத்தில் தங்கும் வாய்ப்பு நாலில் ஒன்று, ஐந்தில் ஒன்று என்ற அளவில்தான் இருக்கும். ஆக, நீங்கள் ஒன்பது மாதம் முயற்சித்துத் தோற்கவில்லை. உண்மையில் இரண்டு, மூன்று மாதம்தான் முயற்சித்திருக்கிறீர்கள். நல்லூர்க் கந்தன் கோவில் கொடியேறினால் 25 நாளும் விரதம் காத்து விலகியிருக்கிற வீடு என்றால் அந்தச் சுற்றையும் கழித்துவிடுங்கள். விரதத்தால் கருப்பைக்கு ஒரு கேடும் இல்லை. அந்த மாதத்தையும் "தங்கவில்லை" என்ற பட்டியலில் எழுதி மனம் நோகத் தேவையில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

வெள்ளைபடுதல் பற்றி எழுதியதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது, மாமியில் அல்ல. எங்கள் ஊரில் பெண் பிள்ளைகளுக்கு இதை ஒருவரும் சொல்லித் தருவதில்லை. சாமத்தியச் சடங்குக்கு மண்டபம் எடுக்கிறோம், வீடியோ எடுக்கிறோம், உளுத்தங்களியும் நல்லெண்ணெயும் கொடுக்கிறோம். ஆனால் மாதத்தின் நடுவில் வருகிற ஈரம் எதற்கு என்று சொல்வதில்லை. பிறகு முப்பது வயதில் அதை வருத்தம் என்று நினைத்து மருந்து குடிக்கிறார்கள்.

மாதவிடாய் முடிந்த பிறகு சில நாட்கள் வரட்சியாக இருக்கும். பிறகு கொஞ்சம் ஒட்டும் தன்மையான, வெண்மையான கசிவு. முட்டை முதிர முதிர ஈஸ்ட்ரஜன் ஓமோன் கூடி, கருப்பையின் கழுத்திலிருந்து வரும் திரவம் நெகிழ்ந்து, தெளிந்து, பச்சை முட்டையின் வெள்ளைக்கரு போல வழுவழுப்பாகும். இரண்டு விரலுக்கு இடையில் பிடித்தால் அறாமல் இழுபடும். விந்தணு நீந்திப் போகவும் உயிர் பிழைக்கவும் இந்த ஈரம்தான் வழி. முட்டை வெளிவந்த பிறகு புரொஜெஸ்தரோன் கூடுவதால் அது திரும்பவும் தடித்து, ஒட்டி, வற்றிவிடும். வழுவழுப்பு இருந்த கடைசி நாளை ஒட்டித்தான் முட்டை வெளிவரும். ஒரு நாள் முன்பின் இருக்கலாம். அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ணில் பில்லிங்ஸ் தம்பதியர் என்ற இரண்டு வைத்தியர்கள் இதை மட்டும் வைத்தே ஒரு முறையை உருவாக்கினார்கள்.

ஆகவே உங்களுக்கு மாத நடுவில் வருவது தெளிவாக, வாடையில்லாமல், அரிப்பில்லாமல் இருந்தால் அது நோயல்ல. நீங்கள் இவ்வளவு நாளும் போனில் தேடிய அடையாளம் அதுவேதான். அந்த மருந்தில் என்ன இருக்கிறது என்று எனக்கு எழுதவில்லை. இப்போதைக்கு நிறுத்திவையுங்கள். உள்ளே சோப்போ, டெற்றோலோ போட்டுக் கழுவுகிற பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள். அரிப்பு, எரிவு, கெட்ட வாடை, தயிர்த் திரள் போன்ற கசிவு, பச்சை அல்லது மஞ்சள் நிறம், அடிவயிற்று நோ இருந்தால் அது வேறு கதை. அதற்குக் கிளினிக்குக்குப் போய்க் காட்டி மருந்து எடுக்க வேண்டும்.

எப்படிப் பார்ப்பது என்று கேட்பீர்கள். மலசலகூடத்துக்குப் போகும்போது, தண்ணீர் விட்டுக் கழுவ முன்பே, ஒரு ரிஷூவால் ஒற்றிப் பாருங்கள். கழுவிய பிறகு பார்த்தால் ஒன்றும் தெரியாது. எங்கள் பெண்கள் பலர் "எனக்கு அப்படி ஒன்றும் வருவதில்லை" என்று சொல்வதற்கு அதுதான் காரணம். நாளில் இரண்டு, மூன்று முறை பார்த்து, இரவில் ஒரு கொப்பியில் ஒரு சொல் எழுதினால் போதும்: வரட்சி, ஒட்டல், ஈரம், வழுவழுப்பு. சேர்ந்திருந்த மறுநாள் காலையில் விந்தின் ஈரம் கலந்து குழப்பும். அன்று பின்னேரம் பாருங்கள். தும்மலுக்கும் ஒவ்வாமைக்கும் எடுக்கிற சில குளிசைகள் இந்த ஈரத்தையும் வற்றவைக்கும் என்பதையும் நினைவில் வைத்திருங்கள்.

கிட்டின் மங்கல் கோட்டுக்கு வருகிறேன். அது "இல்லை" என்றுதான் அர்த்தம். கர்ப்பப் பரிசோதனையில் மங்கலான கோடும் ஆமாதான். அந்தப் பழக்கத்தில்தான் எல்லோரும் குழம்புகிறார்கள். ஓவுலேஷன் கிட் பார்ப்பது எல்.எச் என்ற ஓமோனை. அது எல்லா நாளும் உடம்பில் கொஞ்சம் இருப்பதால் கோடும் எல்லா நாளும் கொஞ்சம் தெரியும். சோதனைக் கோடு பக்கத்துக் கோட்டின் அளவுக்கு அல்லது அதைவிட அடர்த்தியாக வந்தால் மட்டுமே ஆமா. அப்படி எல்.எச் ஏறத் தொடங்கி 24 முதல் 36 மணித்தியாலத்தில் முட்டை வெளிவரும். நீங்கள் 15ஆம் நாளோடு நிறுத்தியதால் அடர்ந்த கோட்டைப் பார்க்கச் சந்தர்ப்பமே இல்லை. இனி 15ஆம் நாளில் தொடங்குங்கள். பத்துப் பட்டி வரை தேவைப்படும். காலை எழுந்தவுடன் போகும் சிறுநீர் இதற்கு அவ்வளவு நல்லதல்ல. எல்.எச் பெரும்பாலும் விடியப்புறம் ஏறும். சிறுநீரில் தெரிய மத்தியானமாகும். வேலைவிட்டு வந்து நாலு மணிக்குச் செய்யலாம். அதற்கு முன் இரண்டு மணித்தியாலம் அதிகம் தண்ணீர் குடிக்காமல் இருங்கள். பெட்டியில் சொன்ன நிமிடத்துக்குள் வாசியுங்கள். காய்ந்த பிறகு தெரிகிற கோட்டுக்கு மதிப்பில்லை. ஐந்தாறு நாள் தொடர்ந்து அடர்த்தியாகவே வந்தால் சூலகத்தில் சிறு நீர்க்கட்டிகள் உள்ள நிலை இருக்கலாம். அப்போது கிட்டை நம்பாமல் வைத்தியரைப் பாருங்கள்.

கணவர் பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு நான் கிட் வாங்கச் சொல்வதே இல்லை. ஒன்றுவிட்ட ஒரு நாள் சேர்ந்திருந்தால் எந்த நாளும் தவறாது. "விந்தைச் சேமித்து வைப்போம்" என்று ஒரு கிழமை விலகியிருப்பதும் பலன் தராது. நீண்ட இடைவெளியில் விந்தணுவின் ஓட்டம் குறையும். ஆனால் உங்களுக்கும் இவருக்கும் இடையில் 400 கிலோமீற்றர் இருக்கிறது. அதனால் உங்கள் விடயத்தில் ஈரத்தைப் பார்ப்பதுதான் முதல் வேலை. ஏனென்றால் வழுவழுப்பு தொடங்குவது முட்டை வெளிவர மூன்று, நாலு நாள் முந்தி. இவர் லீவு சொல்ல, பஸ்ஸுக்கு இருக்கை போட அது போதும். கிட் அதற்குப் பிறகு உறுதிப்படுத்த. பின்னேரம் நாலு மணிக்குக் கோடு அடர்ந்து, இவர் அன்றிரவு பஸ்ஸில் ஏறினாலும் விடியற்காலையில் யாழ்ப்பாணத்தில் நிற்பார். அதுவும் காலம் கடந்ததல்ல. இன்னொன்றும் கேட்கிறேன்: ஏன் எப்போதும் அவரே வர வேண்டும்? 16ஆம் நாளளவில் நீங்கள் ஒரு கிழமை லீவு எடுத்துக் கொழும்புக்குப் போகக்கூடாதா? விசேஷம் கேட்கிறவர்களின் சத்தமும் அங்கே கேட்காது.

தேர்மோமீற்றர் வைத்துப் பார்க்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் யாராவது சொல்லுவார்கள். முட்டை வெளிவந்த பிறகு உடல் வெப்பம் 0.2 முதல் 0.5 பாகை செல்சியஸ் வரை ஏறி, மாதவிடாய் வரை அப்படியே நிற்கும். இரண்டு தசம தானம் காட்டும் தேர்மோமீற்றரை, கண் விழித்தவுடன், எழும்பாமல், கதைக்காமல், நாக்குக்குக் கீழே வைத்துப் பார்க்க வேண்டும். மூன்று நாள் தொடர்ந்து உயர்ந்து நின்றால் முட்டை வந்துபோய்விட்டது. பிரச்சினை அந்த "போய்விட்டது" தான். இந்த மாதத்துக்கு அது உதவாது. அதோடு காய்ச்சல், இரவில் சரியான நித்திரை இல்லாமை எல்லாம் கணக்கைக் குழப்பும். முட்டை வருகிறது என்று உங்கள் மனதுக்கு ஆறுதல் வேண்டுமானால் இரண்டு சுற்றுக்குச் செய்யுங்கள். காலையில் கண் விழிப்பதே பரீட்சையாக மாறினால் விட்டுவிடுங்கள். உயர்ந்த வெப்பம் 18 நாளுக்கு மேல் இறங்காமல் நின்றால் கர்ப்பப் பரிசோதனை செய்து பார்க்கலாம்.

அந்த 21ஆம் நாள் இரத்தப் பரிசோதனைதான் உங்களை அதிகம் பயப்படுத்தியிருக்கிறது. முட்டை வெளிவந்து ஏழு நாளளவில்தான் புரொஜெஸ்தரோன் உச்சத்துக்கு வரும். 28 நாள் சுற்றில் அது 21ஆம் நாளில் அமைவதால் பரிசோதனைக்கே "21ஆம் நாள்" என்று பெயர் வந்துவிட்டது. உங்களுக்கு முட்டை 20ஆம் நாள் வெளிவருகிறது என்றால் 21ஆம் நாள் இரத்தத்தில் என்ன இருக்கும்? குறைவாகத்தான் இருக்கும், குறைவாக இருப்பதுதான் சரி. அந்த ரிப்போட்டை வைத்து முட்டை வரவில்லை என்று எவரும் சொல்ல முடியாது. திரும்பச் செய்வதானால் கிட்டின் கோடு அடர்ந்த நாளிலிருந்து எட்டாம் நாள் செய்யுங்கள். கிட் சரிவராவிட்டால் 27ஆம் நாள் ஒன்று, மாதவிடாய் வராவிட்டால் ஒரு கிழமை கழித்து இன்னொன்று. லீற்றருக்கு 30 நனோமோலுக்கு மேல் இருந்தால் முட்டை வந்திருக்கிறது. சில இடங்களில் வேறு அலகில் தருவார்கள். எண்ணை மட்டும் பார்த்துப் பயப்படாமல் அலகையும் பாருங்கள்.

இதற்கிடையில் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, அதை இன்றைக்கே தொடங்கலாம். போலிக் அமிலம், நாளுக்குக் குறைந்தது 400 மைக்ரோகிராம். பிள்ளையின் முள்ளந்தண்டும் மூளையும் உருவாகும் முதல் கிழமைகளில் பலருக்குக் கர்ப்பம் என்றே தெரிந்திருக்காது. ஆகவே முந்தியே எடுக்க வேண்டும். நீரிழிவு, வலிப்பு மருந்து போன்றவை இருந்தால் அளவு கூட வேண்டும், வைத்தியரிடம் கேளுங்கள். உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் பெயரைப் பதிந்திருக்காவிட்டால் பதியுங்கள். கர்ப்பமான பிறகுதான் அவரிடம் போகலாம் என்றில்லை. புதிதாகக் கலியாணம் செய்தவர்களுக்கு நிறை, இரத்தச்சோகை, ஜேர்மன் சின்னமுத்துத் தடுப்பூசி என்று பார்ப்பதும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் வேலைதான், காசும் இல்லை. அந்தத் தடுப்பூசி இப்போது போட வேண்டிவந்தால் ஒரு மாதமாவது கழித்தே முயற்சிக்க வேண்டும்.

பப்பாசி சாப்பிட்டீர்களா, சேர்ந்த பிறகு காலை உயர்த்தி வைத்தீர்களா என்பதெல்லாம் காரணமே இல்லை. வழுக்கலுக்குப் பாவிக்கிற ஜெல் வகைகள் பல விந்தணுவின் ஓட்டத்தைக் குறைக்கும். அதை மட்டும் தவிருங்கள்.

உங்கள் கடிதம் முழுவதிலும் இவரைப் பற்றி இருப்பது பஸ் நேரம் மட்டும்தான். பிள்ளை தங்கத் தாமதமாகிற தம்பதியரில் ஏறக்குறைய பாதிப் பேரில் ஆண் பக்கத்துக் காரணமும் இருக்கும். நீங்கள் இரத்தம் கொடுத்து, மருந்து குடித்து, கிட் செய்தாயிற்று. அவருக்கு ஒரு விந்துப் பரிசோதனைகூட நடக்கவில்லை. இரண்டு முதல் ஏழு நாள் விலகியிருந்து கொடுக்க வேண்டும். நோவில்லாத, எளிய பரிசோதனை. கொழும்பிலேயே செய்யலாம், ஊரில் ஒருவருக்கும் தெரியத் தேவையில்லை. முதிர்ந்த வயதில் கூகைக்கட்டு வந்தது, விதையில் சத்திரசிகிச்சை செய்தது போன்றவை அவருக்கு இருந்தால் அதை இப்போதே செய்யச் சொல்வேன். புகைத்தால் நிறுத்தட்டும். விந்தணு உருவாக இரண்டரை மாதமளவு எடுப்பதால் இன்று விட்டதன் பலன் மூன்று மாதம் கழித்துத்தான் தெரியும்.

உங்கள் வயதில் சரியான நாட்களில் சேர்ந்து ஒரு வருடம் ஆகியும் தங்காவிட்டால்தான் நாங்கள் தேடத் தொடங்குவோம். 35 தாண்டியவர் என்றால் ஆறு மாதம். மாதவிடாயில் தாங்க முடியாத நோ, சேரும்போது உள்ளே நோ, மூன்று மாதம் மாதவிடாய் வராமல் நிற்பது, சரியான நாளில் செய்த புரொஜெஸ்தரோன் இரண்டு சுற்றிலும் குறைவாக வருவது, இவற்றில் ஏதும் இருந்தால் காலம் பார்க்காமல் வாருங்கள். பக்கத்து வைத்தியசாலையில் ஒரு கடிதம் வாங்கினால் யாழ் போதனா வைத்தியசாலையின் பெண்நோயியல் கிளினிக்கில் காட்டலாம். வரும்போது அந்தக் கொப்பியையும் கொண்டுவாருங்கள், இவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.